மெத்தை வண்டி ஏன் கத்துகிறது

— அந்த டப்பாவைக் கொண்டாந்து என் மூஞ்சிக்கு நேரா ஆட்டாதே, மாப்ளே. டப்பா ஒரிஜினல்தான், நான் இல்லேங்கல. அதுக்குள்ள இருந்த பிரேக் பேடு எங்க போச்சு? அதைச் சொல்லு.

— உங்க வண்டியிலதான் மாமா இருக்கு. முன் சக்கரம் ரெண்டுக்கும் புது டிஸ்க்கு, புது பேடு. உங்க கண்ணு முன்னாடிதானே மாட்டினேன், சரியா?

— சரியில்ல. பாதியில நான் தண்ணி குடிக்கப் போனேன். திரும்பி வர்றதுக்குள்ள சக்கரத்தை ஏத்தி நட்டை முறுக்கிட்டே. அந்த அஞ்சு நிமிஷத்துல எது உள்ள போச்சு, எது வெளிய போச்சுன்னு யாருக்குத் தெரியும்?

— எனக்குத் தெரியும். நான் இங்கதான், இதே ஸ்டூல் மேலதான் உக்காந்திருந்தேன். ஏங்க, அப்போ நானும் கூட்டுக் களவாணியா?

— நீ அவனுக்கு அக்கா. உன் சாட்சி செல்லாது.

— பதினாறு வருஷமா உங்களுக்குப் பொண்டாட்டியா இருக்கேனே, அது எதுலயும் சேராதா?

— இவளே, நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு. பேடு மாத்துறதுக்கு முன்னாடி வண்டி கத்துச்சா? கத்தல. மாத்தி பத்து நாள் சும்மா இருந்துச்சு. பதினோராவது நாள்ல இருந்து பிரேக்குன்னு நெனச்சாலே கத்துது. முதல் தடவை கழட்டிப் பாத்தான், கிரீஸ் தடவினேன்னான். ரெண்டாவது தடவை உப்புத்தாள் போட்டுத் தேச்சேன்னான். இன்னைக்கு மூணாவது தடவை.

— அது ஒண்ணில்ல மாமா, அஞ்சாறு ஆச்சு. சரி, எப்படிக் கத்துதுன்னு சொல்லுங்க. கரகரன்னா, கீச்சுன்னா?

— பூனை வாலை மிதிச்ச மாதிரி. கீஈஈஈஈ...

— போதும் போதும், பக்கத்து ஷெட்டுக்காரர் எட்டிப் பாக்குறாரு. டேய் தம்பி, நேத்து என்ன ஆச்சு தெரியுமா? ஒரு வீட்டுக்கு மெத்தை எறக்கப் போயிருக்காரு. வாசல்ல பிரேக் போட்டதும் உள்ள ஒரு குழந்தை வீல்னு அலறியிருக்கு. அந்தம்மா இடுப்புல குழந்தையோட வந்து நின்னு, "தூங்குறதுக்கு மெத்தை கொண்டாந்தீங்களா, தூங்குறவங்களை எழுப்பக் கொண்டாந்தீங்களா"ன்னு கேட்டுச்சாம்.

— அதைச் சொல்லிச் சிரிக்காதே. மெத்தைக் கடை முதலாளி காதுக்கும் போயிருச்சு. மாப்ளே, காலையில உன் அக்காகிட்ட சொன்னதை உன்கிட்டயும் சொல்லிடறேன். இன்னைக்கு இந்தச் சத்தம் நிக்கலேன்னா, இந்த ஷெட்டுப் பக்கம் நான் வர மாட்டேன். உன் வீட்டுப் பக்கம் அவளும் வர மாட்டா.

— அக்கா வராமயா? மாமா, என் வீட்டுக்காரிக்கு இது ஒன்பதாம் மாசம். அம்மா இல்லாத பொண்ணு. அண்ணி வந்து ஒரு மாசம் கூட இருப்பாங்கன்னு நாள் எண்ணிக்கிட்டிருக்கா. அண்ணிக்குன்னு தனியா கட்டில்கூட நகர்த்திப் போட்டாச்சு.

— டூப்ளிகேட் பேடு போடும்போது அதெல்லாம் நெனச்சிருக்கணும்.

— நான் டூப்ளிகேட் போடல!

— கத்தாதே. வண்டிதான் கத்துதுன்னு வந்தேன், நீயும் சேர்ந்து கத்தாதே.

— ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துறீங்களா? நான் என்ன அந்த டிஸ்க்கா? இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தன், நடுவுல என்னைப் போட்டு அமுக்குறீங்க. நான் கத்த ஆரம்பிச்சேன்னா எந்த கிரீஸும் பத்தாது. தம்பி, ஜாக்கியைப் போடு. சக்கரத்தைக் கழட்டு. இன்னைக்கு என் கண்ணு முன்னாடி கழட்டு, அவர் கண்ணு முன்னாடியும் கழட்டு. ஏங்க, தண்ணி வேணும்னா இப்பவே குடிச்சுட்டு வந்து நில்லுங்க.

— குடிச்சாச்சு. இந்தா, பாட்டிலைக் கையிலயே வச்சிருக்கேன்.

— அது ரெண்டாவது பாட்டிலுங்க.

— வெயிலு.

— தகரக் கூரைக்குக் கீழதான் நானும் நிக்கறேன். சரி, தம்பி, கழட்டு.

— ...இந்தாங்க, வந்துருச்சு. மாமா, கிட்ட வாங்க. பேடு முதுகைப் பாருங்க. கம்பெனி முத்திரை, நம்பர். டப்பாவுல இருக்குற நம்பரும் இதுவும் ஒண்ணுதானே? நீங்களே படிங்க. அக்கா, நீ டப்பாவைப் படி.

— கடைசி நாலு நம்பர் ஏழு, ரெண்டு, ரெண்டு, ஒன்பது.

— ...ஒன்பதுதான். ஆனா முத்திரையே டூப்ளிகேட்டா அடிக்கிறானுங்களாம் இப்பெல்லாம்.

— அப்படிப் பாத்தா நீங்களும் ஒரிஜினல் மாமாதானான்னு நான் கேக்கணும். இப்போ பேடோட இந்தப் பக்கத்தைப் பாருங்க. டிஸ்க்குல உரசுற பக்கம். எப்படி இருக்கு?

— பளபளன்னு இருக்கு. புதுசு, பளபளன்னுதான் இருக்கும்.

— இல்ல மாமா. புதுப் பேடு சொரசொரன்னு இருக்கணும், கரும்பலகை மாதிரி. இது கண்ணாடி மாதிரி இழைஞ்சு போச்சு. கையை வச்சுப் பாருங்க, வழுக்குதா? டிஸ்க்கைப் பாருங்க, ஓரத்துல நீலமா ஒரு வளையம். அது சூட்டுல வந்த நீலம். பேடு வெந்து போச்சு மாமா. வெந்த பேடு டிஸ்க்கைப் பிடிக்காது, வழுக்கி வழுக்கி அதிரும். அந்த அதிர்வுதான் நீங்க சொல்ற பூனை. சரியா?

— அது ஏன் வேகுது?

— அதைத்தான் நான் கேக்குறேன். உங்க வண்டியில என்ன ஏத்துறீங்க?

— இது என்ன கேள்வி? மெத்தை. தலகாணி. எப்பவாவது ஒரு கட்டில் சட்டம்.

— மெத்தை மட்டும்தானா?

— வேற என்ன ஏத்துறேங்கறே?

— கோவிச்சுக்காதீங்க. ஒரு மெத்தை என்ன எடை இருக்கும்? பத்து மெத்தை ஏத்தினாலும் இந்த வண்டிக்கு அது தொப்பி வச்ச மாதிரி. இப்படி நீலம் பாயணும்னா ரெண்டு டன்னு செங்கல்லை ஏத்திக்கிட்டு மேட்டுல இருந்து எறங்கணும். முதலாளிக்குத் தெரியாம நடுவுல செங்கல், ஜல்லின்னு ஏதாவது...

— அடேய்! இருபத்திரெண்டு வருஷமா ஸ்டியரிங் பிடிக்கறேன். ஒருத்தர் பொருள்ல ஒரு பஞ்சு குறைஞ்சதில்ல. எம்மேலயே திருப்புறியா? கேட்டியா இவளே, உன் தம்பி பேசுறதை?

— கேட்டேன். ஏங்க, செங்கல்லை விடுங்க. மேடுன்னு சொன்னான்ல, அதை யோசிச்சேன். நம்ம ஊர்ல மேடுன்னா தண்ணித் தொட்டி ரோடு ஒண்ணுதான். கடையில இருந்து குடோனுக்கு, குடோன்ல இருந்து வீடுகளுக்கு. உங்க வழியில அந்த ரோடு எங்கயும் வராதே?

— யாரு சொன்னா நான் அங்க போனேன்னு?

— யாரும் சொல்லல. வழியில வராதேன்னு மட்டும்தான் கேட்டேன். ஏன் குரல் ஏறுது?

— ஏறல.

— எதிர் வீட்டு டீச்சர் போன வாரம் ஒரு வார்த்தை சொன்னாங்க. "உங்க வண்டியைத் தண்ணித் தொட்டி மேட்டுல பாத்தேன், யாருக்கோ காத்துக்கிட்டிருந்த மாதிரி ஓரமா நின்னுச்சு"ன்னாங்க. வேற வண்டியா இருக்கும்னு சொல்லிட்டு வந்துட்டேன். செவ்வாய்க்கிழமை காலையில.

— டெலிவரி இருந்திருக்கும்.

— செவ்வாய்க்கிழமை நீங்க வெறும் வயித்தோட ரத்தம் குடுக்கப் போனீங்க. லேப்புக்கு. லீவு சொல்லிட்டு. நான்தான் மாத்திரைச் சீட்டை உங்க சட்டைப் பையில வச்சு அனுப்பினேன்.

— அக்கா, மாமா, ஒரு நிமிஷம்...

— நீ பேசாம ஸ்பேனரைப் பாரு, தம்பி. ஏங்க, மேட்டுல யாரு இருக்கா?

— அடக் கடவுளே! பிரேக்கு கத்துதுன்னு வந்த மனுஷன்கிட்ட கேக்குற கேள்வியா இது? யாரும் இல்ல.

— இந்த மூணு மாசமா ராத்திரி வீட்டுக்கு வந்தா சோத்துல பாதியை வச்சுடறீங்க. பசிக்கலேங்கறீங்க. போன மாசம் சட்டையில வெனிலா வாசனை. நான்தான் பைத்தியக்காரி மாதிரி, புதுசா என்ன சோப்பு போட்டாங்கன்னு அந்தக் குளியலறையையே மோந்து பாத்துக்கிட்டிருந்தேன்.

— மாமா... வெனிலாவா?

— நீ வேலையைப் பாரு, மாப்ளே!

— பாக்கறேன், பாக்கறேன். அக்கா, ஒண்ணு சொல்றேன், நிதானமா கேளு. மாமா மேட்டுக்குப் போனாரோ இல்லையோ, அது உங்க வீட்டு விஷயம். வாரத்துக்கு ஒரு தடவை மேடு ஏறி எறங்கினா டிஸ்க்கு இப்படி ஆகாது. இது தினமும் நடக்குற சூடு. ரெண்டாவது, பேடைப் பிடிச்சிருக்கிற காலிபர் பின்னு ரெண்டும் இதோ விரலால தள்ளினாலே போய் வருது, எங்கயும் சிக்கல. மூணாவது, அந்தப் பக்கச் சக்கரத்தையும் எட்டிப் பாத்தேன், இதே மாதிரிதான் வெந்திருக்கு. நான் மாட்டினதுல தப்புன்னா ஒரு பக்கம்தான் வேகும். ரெண்டும் ஒரே மாதிரி வெந்தா தப்பு சக்கரத்துல இல்ல. மேல இருக்கு. பெடல்ல.

— ஆமா, அடுத்தது பெடல்! அப்புறம் ஸ்டியரிங்கு, அப்புறம் ஹாரன். வண்டியையே மாத்தச் சொல்லுவே.

— மாத்தச் சொல்லல. பெடல் மேல வராம எங்கயாவது தட்டி நிக்குதான்னு குனிஞ்சு பாக்கறேன், அவ்வளவுதான். கதவைத் திறங்க.

— பெடல் நல்லாதான் இருக்கு. நீ உள்ள போக வேணாம்.

— போனாத்தானே தெரியும்?

— சீட்டுக்கு அடியில கையை விடாதே!

— ...சீட்டுன்னு நான் சொல்லவே இல்லையே மாமா. பெடலுன்னுதானே சொன்னேன்.

— தம்பி, கையை விடு. சீட்டுக்கு அடியிலயே விடு.

— இவளே, அங்க டூல்ஸ் இருக்கு. கலைஞ்சு போயிடும்.

— அக்கா... டப்பா ஒண்ணு இருக்கு. ரோஸ் கலர்ல. ரிப்பன் கட்டின டப்பா.

— ரிப்பனா?

— ஒண்ணில்ல. ரெண்டு... இன்னொண்ணு பின்னால நசுங்கிக் கிடக்கு. நாலு டப்பா. எல்லாம் காலி.

— ஏங்க, ரிப்பன் கட்டி யாருக்குக் குடுக்குறீங்க? என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க. எனக்குக் கடைசியா ரிப்பன் கட்டி நீங்க என்ன குடுத்தீங்க? போன பிறந்த நாளுக்குக் குக்கர் ரப்பர் வாங்கிட்டு வந்தீங்க.

— அது தேவைப்பட்டுச்சு...

— யாருக்கு?

— குக்கருக்கு.

— இந்த டப்பா யாருக்குன்னு கேக்குறேன்!

— அக்கா, அழாதேக்கா. மாமா, சொல்லித் தொலைங்களேன். கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு வாரம் உங்க பின்னாலயே சைக்கிள்ல சுத்தினேனே, ஞாபகம் இருக்கா? அக்காவைக் கட்டிக்கப் போறவர் எப்படிப்பட்டவர்னு பாக்க. ஒரு வாரத்துல உங்ககிட்ட ஒரு பீடிகூட நான் கண்டுபிடிக்கல. வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட "தங்கம்"னு சொன்னது நான்தான். என் வாயால சொன்னது.

— எனக்குத்தான்.

— என்ன?

— டப்பா. எனக்குத்தான். மேட்டு மேல ஒரு பேக்கரி இருக்கு. கிரீம் கேக்கு. அவன் ஒரு கேக்கு வாங்கினாலும் ரிப்பன் கட்டித்தான் குடுக்குறான், நான் என்ன பண்ணட்டும்? வண்டியை ஓரமா நிறுத்தி, உள்ளயே உக்காந்து, தின்னுட்டு, டப்பாவை அடியில தள்ளிட்டு வந்துடுவேன். போதுமா?

— கேக்கா?

— கேக்கு.

— தனியா உக்காந்து?

— கூட யாரு வருவா?

— அட ராமா... தம்பி, அந்த ஸ்டூலைப் போடு. நான் உக்காரணும். பொம்பளையா இருந்தா போய் தலைமுடியைப் பிடிச்சு உலுக்கிட்டு வந்திருப்பேன். கேக்கோட நான் எப்படிடா சண்டை போடுவேன்?

— சிரிக்காதேக்கா, மாமா மூஞ்சி ஒரு மாதிரி ஆகுது.

— சிரிக்கறேனா அழறேனான்னு எனக்கே தெரியல. ஏங்க, உங்களுக்குச் சக்கரை. காலையில ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை. வீட்டுல நான் உங்களுக்காக மூணு வருஷமா சக்கரை போடாத காப்பி குடிக்கறேன், நீங்க மட்டும் கசப்பு குடிக்கறீங்களேன்னு.

— உனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வரணும்னு ஒவ்வொரு தடவையும் நெனப்பேன். வாங்கிட்டு வந்தா கண்டுபிடிச்சுடுவே.

— அப்போ செவ்வாய்க்கிழமை லேப்பு?

— மாப்ளே, அந்த டப்பாவைக் குடு, நசுக்கிப் போடறேன்.

— போகல?

— அந்த ஊசியைப் பாத்தாலே எனக்கு...

— போன தடவை ரிப்போர்ட் நார்மல்னீங்களே? அதுக்கு முந்தின தடவை?

— நார்மலாதான் இருக்கும். எனக்கு ஒண்ணும் பண்ணல. நல்லாதான் இருக்கேன்.

— கடைசியா எப்போ ரத்தம் குடுத்தீங்க?

— ஒன்றரை வருஷம் இருக்கும். இவளே, அப்படிப் பாக்காதே. மாத்திரை ஒழுங்காப் போடறேன். எப்பவாவது ஒருவேளை விட்டுப் போகும். சரி, தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு. நான் கேக்கு தின்னதுக்கும் இவன் மாட்டின பேடு கத்துறதுக்கும் என்ன சம்பந்தம்? பேச்சை எங்க இருந்து எங்க கொண்டு போயிட்டீங்க! அக்காளும் தம்பியும் சேர்ந்து என்னைக் குற்றவாளிக் கூண்டுல ஏத்திட்டு, பிரேக்கை மறக்கடிச்சிட்டீங்க பாத்தியா?

— மறக்கல மாமா. பெடலைப் பாத்தாச்சு. மிதிச்சா போகுது, விட்டா பட்டுன்னு மேல வருது. பெடல்ல ஒரு குறையும் இல்ல.

— அப்போ உன் கையிலதான் குறை.

— இருங்க. பின்னாடி போய்ட்டு வரேன்... மாமா, பிரேக் லைட்டு பல்பு புதுசா இருக்கே?

— ஆமா. இந்த ரெண்டு மாசத்துல மூணு தடவை போச்சு. அதுவும் நீ குடுத்த பல்புதான், அதையும் சொல்லணும்னு இருந்தேன்.

— மூணு தடவையா? நிதானமா கேளுங்க. பிரேக்கை மிதிக்கும்போது மட்டும்தான் அந்த பல்பு எரியும். சாதாரணமா ஓட்டினா வருஷக் கணக்கா வரும். ரெண்டு மாசத்துல மூணு போச்சுன்னா அது எந்நேரமும் எரிஞ்சுக்கிட்டிருக்கு. எந்நேரமும் எரியுதுன்னா எந்நேரமும் பிரேக் மேல கால் இருக்கு. பேடு வெந்ததும் அதனாலதான். நீங்க பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வண்டி ஓட்டுறீங்க மாமா.

— யாரு? நானா?

— ரொம்ப இல்ல. லேசா. காலைச் சும்மா பெடல் மேல வச்சுக்கிட்டே...

— பயந்துக்கிட்டு ஓட்டக் கத்துக்குறவன் பண்ற வேலை அது! ஓட்டின மொத வருஷமே என் குரு அந்தப் பழக்கத்தை என் முழங்கால்லயே தட்டித் துரத்திட்டாரு. என் கால் ஆக்ஸிலேட்டர்ல இருக்கும், இல்லேன்னா தரையில இருக்கும். தேவைன்னா மட்டும்தான் பிரேக்குக்குப் போகும்.

— வேற யாராவது வண்டி எடுக்குறாங்களா?

— சாவி என் இடுப்பை விட்டு எறங்கினதே இல்ல. உன் அக்காவைக் கேளு.

— தூங்கும்போதுகூட இடுப்புலதான் இருக்கும், தம்பி. புரண்டா எனக்குத்தான் குத்தும்.

— அப்போ நீங்கதான்.

— நான் இல்லேங்கறேன்!

— சரி, சண்டை வேணாம். சக்கரம் தரையை விட்டு மேலதானே இருக்கு? டிஸ்க்கும் பேடும் மறுபடி மாட்டி, சக்கரத்தையும் மாட்டிட்டேன். அக்கா, நீ வந்து கையால சுத்து.

— ம்... நல்லா சுத்துது. லேசா உரசுது, ஆனா சுத்துது.

— அந்த உரசல் இருக்கணும். மாமா, ஏறி உக்காருங்க. ஸ்டார்ட் பண்ண வேணாம். பிரேக்கை மிதிங்க.

— மிதிச்சாச்சு.

— அக்கா, சுத்து.

— அசையல.

— பிரேக் பிடிக்குது, சந்தோஷம். மாமா, இப்போ விடுங்க.

— விட்டாச்சு.

— அக்கா?

— அசையலையேடா.

— மாமா, விடுங்கன்னேன்.

— விட்டாச்சுன்னேன்ல!

— விடலையே. சக்கரம் கல்லு மாதிரி நிக்குது.

— ஆகா! இப்போ மாட்டினியா, மாப்ளே? காலை எடுத்தப்புறமும் சக்கரம் பிடிச்சுக்கிட்டு நிக்குது. யாரு பண்ணின வேலை இது? பின்னு விரலால தள்ளினாலே போகுதுன்னே, இப்போ தள்ளு பாக்கலாம்! இவளே, பாத்துக்கோ, உன் கண்ணாலயே பாத்துக்கோ. நான் வேற சாட்சி தேட வேண்டியதே இல்ல.

— எறங்குங்க மாமா.

— ஏன் எறங்கணும்?

— எறங்குங்க சொல்றேன்... அக்கா, இப்போ சுத்து.

— சுத்துதுடா! நல்லா சுத்துது!

— மாமா, மறுபடி ஏறுங்க. ஒரு தடவை மிதிச்சு, விட்டுட்டு, அப்படியே உக்காருங்க... அக்கா?

— நிக்குது.

— பாத்தியாக்கா? இவர் எறங்கினா சுத்துது. ஏறினா நிக்குது. வண்டியில குறை இருந்தா ஆள் பாத்து வருமா? மாமா, இப்போ எனக்குப் புரிஞ்சு போச்சு. நீங்க வேணும்னே மிதிச்சுக்கிட்டிருக்கீங்க.

— என்னடா சொன்னே?

— வேணும்னேதான். என் வேலையைக் கெட்டதுன்னு காட்டணும். அதைச் சாக்கா வச்சு அக்காவை எங்க வீட்டுக்கு அனுப்பாம இருக்கணும். நேரா சொல்ல வேண்டியதுதானே, என் பொண்டாட்டி பிரசவத்துக்கு அக்காவை அனுப்ப மனசில்லேன்னு? அவ இல்லாம ஒரு மாசம் தனியா இருக்க முடியாதுன்னா சொல்லுங்க, அதுல ஒரு மரியாதை இருக்கு. அதுக்கு இந்த நாடகமா?

— நாடகமா? நானா ஆடறேன்? கால் கீழ இருக்குடா! தரையில இருக்கு!

— பொய்!

— என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணட்டுமா? நான் கேக்கு தின்னதை மறைச்சேன், லேப்புக்குப் போகாததை மறைச்சேன், எல்லாத்தையும் இப்போ ஒத்துக்கிட்டேன். இதுல பொய் சொல்லி எனக்கு என்ன கிடைக்கப் போகுது? இவளே, நீயே சொல்லு. நீயும் நம்பலையா? பதினாறு வருஷம்னு பெருசா சொன்னே.

— நம்பறேங்க. நீங்க பொய் சொல்லலேன்னு எனக்குத் தெரியும். கொஞ்சம் கதவை நல்லாத் திறங்க.

— அக்கா, நீ எதுக்கு அங்க குனியறே? உடம்பெல்லாம் கிரீஸாகும், எழுந்திரு.

— இருடா... தம்பி, இங்க வா. சத்தம் போடாம வந்து பாரு.

— என்னக்கா... ஐயோ. குதிகால் மட்டும்தான் கீழ இருக்கு. முன் பாதம் அப்படியே பெடல் மேல கிடக்குது. மாமா, நீங்க...

— பேசாதேன்னேன்ல. ஏங்க, நீங்க கீழ பாக்காதீங்க. நேரா ரோட்டைப் பாருங்க.

— என்ன இது புது வித்தை? அக்காளும் தம்பியும் கீழ குனிஞ்சு என்ன ஜோடிக்கறீங்க?

— ஒண்ணும் இல்லங்க. ஒரு நிமிஷம் அப்படியே உக்காருங்க. வலது கால் எங்க இருக்கு, சொல்லுங்க.

— எத்தனை தடவை சொல்றது? தரையிலதான் இருக்கு.

— அக்கா, விடுக்கா. போதும். இவ்வளவு அழுத்திக் கிள்ளாதே, கால்ல நகம் பதிஞ்சு போச்சு பாரு.

— கிள்ளுறாளா? யாரைடா கிள்ளுறா?